20 லிட்டர் இரும்பு ஜெரிகேன்: பாம்பன் வல்லத்தில் இரண்டு ஆண்டுகள்

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ராமநாதபுரத்தில் உள்ள ஓர் இரும்புச் சாமான் கடையில், 20 லிட்டர் கொள்ளளவுள்ள இரும்பு ஜெரிகேன்கள் நான்கினை ஒன்று 2,100 ரூபாய் வீதம் வாங்கினேன். அவற்றுள் மூன்று, பாம்பனில் என் மைத்துனர் நடத்தும் வல்லம் என்ற நாட்டுப்படகுக்கு டீசல் கொண்டு போகவும், ஒன்று குடிதண்ணீர் வைக்கவும் என்று திட்டமிட்டிருந்தேன். இரண்டு ஆண்டுகள் வடகடலிலும் தென்கடலிலும் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கேன்களின் மேல் தயாரிப்பாளர் பெயர் எதுவும் இல்லை. கொள்ளளவும் ஆண்டும் மட்டுமே தகட்டில் அழுத்தப்பட்டிருந்தன. ஆகவே நான் சொல்வது ஒரு நிறுவனத்தைப் பற்றியது அன்று, இந்த வடிவத்தைப் பற்றியது.

என்னைப் பற்றி ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் ஏ.எஸ்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆர்மி சர்வீஸ் கோரில் 22 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். படைக்கு அரிசி, பருப்பு, காய்கறி, மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றைச் சேர்ப்பதே அந்தப் பிரிவின் வேலை. 1760 டிசம்பர் 8ஆம் நாளைத் தன் பிறந்த நாளாகக் கொண்டாடும் பழைய பிரிவு அது. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி, பி.ஓ.எல். என்று நாங்கள் சொல்லும் எரிபொருள் டிப்போக்களில் கழிந்தது. எத்தனை ஆயிரம் ஜெரிகேன்களைத் தூக்கியிருப்பேன் என்று கணக்குச் சொல்ல இயலாது. எனவே என் பழக்கத்தின் சாய்வு இந்த மதிப்புரையில் இருக்கக்கூடும். அதற்காகவே, பழக்கத்தை நம்பாமல், எடைத் தராசையும் நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு சோதித்தேன்.

கேனின் உடலமைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இதன் சிறப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பாதிகளாக அழுத்தி எடுத்த எஃகுத் தகடுகளை நடுவில் வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். அந்த இணைப்பு வெளியே துருத்தாமல் சற்று உள்ளடங்கி இருப்பதால், வல்லத்தின் விளிம்பில் உரசினாலும் அடி இணைப்பில் விழுவதில்லை. இரு பக்கங்களிலும் பெருக்கல் குறிபோலப் பள்ளம் வைத்திருக்கிறார்கள். வெயிலில் உள்ளிருக்கும் எரிபொருள் விரிவடையும்போது தகடு அதற்கு இடம் கொடுக்கிறது, அதே பள்ளம் தகட்டுக்கு விறைப்பையும் தருகிறது. மேலே ஒன்றுக்கு மூன்றாகக் கைப்பிடிகள். நிரம்பிய கேனை ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம். இருவர் ஆளுக்கொரு ஓரப்பிடியைப் பற்றிக்கொண்டு நடக்கலாம். காலியாக இருந்தால் இரண்டு கேன்களின் ஓரப்பிடிகளைச் சேர்த்து ஒரே கையில் எடுத்துக்கொள்ள முடியும், அதாவது ஓர் ஆள் நான்கு காலிக் கேன்களைத் திரும்பக் கொண்டுவரலாம். வரிசையாக நின்று ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாற்றும்போது, கொடுப்பவர் ஒரு பிடியிலும் வாங்குபவர் இன்னொரு பிடியிலும் கை வைக்கிறார். கேன் ஒரு நொடிகூட யார் கையிலும் இல்லாமல் இருப்பதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வல்லத்தில் சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த வடிவம் 1937இல் ஜெர்மனியில் பிறந்தது. ஷ்வெல்ம் என்ற ஊரில் இருந்த முல்லர் நிறுவனத்தின் பொறியாளர் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் இதை வடிவமைத்தார். ஜெர்மானியரை ஆங்கிலேயச் சிப்பாய்கள் ‘ஜெரி’ என்று குறிப்பிட்டதால் இது ஜெரிகேன் ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயப் படை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பயன்படுத்தியது நான்கு காலன் பிடிக்கும் மெல்லிய தகரப் பெட்டி. லாரி பாலைவனத்தில் குலுங்கும்போது அதன் மடிப்புகள் விட்டுப்போய் ஒழுகும். அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கும். அங்கே படைத்தலைவராக இருந்த ஆக்கின்லெக், தளத்திலிருந்து புறப்பட்ட பெட்ரோலில் ஏறத்தாழ 30 விழுக்காடு பயன்படுத்துவோர் கைக்கு வரும் முன்பே வீணாயிற்று என்று கணித்தார். பத்து லாரி பெட்ரோல் அனுப்பினால் மூன்று லாரி மணலில் போயிற்று என்று பொருள். ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய கேன்களை அந்தச் சிப்பாய்கள் பொக்கிஷம்போல வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு, அது பலருக்குத் தெரியாது. 1939இல் பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், தன் ஜெர்மானிய நண்பருடன் பெர்லினிலிருந்து இந்தியாவுக்குத் தரைவழியே காரில் புறப்பட்டார். வழியில் தண்ணீர் வைத்துக்கொள்ள ஏதும் இல்லை என்று உணர்ந்தபோது, அந்த நண்பர் டெம்பெல்ஹோஃப் விமானத்தளத்தின் இருப்பிலிருந்து மூன்று கேன்களை எடுத்துவந்தார். நண்பர் பாதிவழியில் ஜெர்மனிக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். போகும் முன் கேனின் தயாரிப்பு விவரங்களை ப்ளைஸிடம் சொல்லிவிட்டுப் போனார். ப்ளைஸ் தனியாகக் கல்கத்தா வரை வந்து சேர்ந்தார். பின்னர் அவர் அமெரிக்க இராணுவத்திடம் இந்தக் கேனைக் காட்டியபோது முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. அதன்பின் அவர்கள் செய்த கேனில் பிடிகளையும் உருவத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளடங்கிய வெல்டிங்கையும் நெம்புகோல் மூடியையும் விட்டுவிட்டார்கள்; திறக்க ஸ்பானரும் ஊற்றப் புனலும் தேவைப்பட்டன. பொருளின் உயிர் எங்கே இருக்கிறது என்று அறியாமல் தோற்றத்தை மட்டும் நகல் எடுத்தால் இப்படித்தான் ஆகும். இன்று சந்தையில் விற்கும் மலிவான கேன்களிலும் இதே குறையைப் பார்க்கிறேன். ஆகவே வாங்குகிறவர்கள் பிடியைப் பார்ப்பதற்கு முன் மூடியைப் பார்க்க வேண்டும்.

வடிவத்தின் பெருமை போதும். கேன் எங்கள் கடலில் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு வருகிறேன். இங்கே நாட்டுப்படகுக்காரர்கள் பெரும்பாலும் பழைய சமையல் எண்ணெய் பிளாஸ்டிக் கேன்களில்தான் டீசல் எடுத்துப் போகிறார்கள். விலை குறைவு, எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் ஓராண்டு வெயில் பட்டால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது. மூடியின் மரை தேய்ந்து, இறுக்கியது போலத் தோன்றினாலும் கசிகிறது. முதல் ஆண்டு மாசி மாதத்தில், ஒரு பிளாஸ்டிக் கேனையும் ஓர் இரும்புக் கேனையும் ஒரே அளவு நிரப்பி, எடை போட்டு, வல்லத்தின் முன்பக்கமான முன்னணியத்தில் பக்கத்தில் பக்கமாகக் கட்டி வைத்தோம். பத்து நாள், கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் எடை பார்த்தோம். இரும்புக் கேனில் தராசு காட்டும் அளவுக்குக் குறைவு எதுவும் இல்லை. பிளாஸ்டிக் கேனில் ஒன்றரைக் கிலோ போயிருந்தது. அது எங்கே போயிற்று என்பதைப் பலகையின் வழுக்கலும், அருகில் இருந்த வலையின் நாற்றமும் சொல்லின. என் மைத்துனர் அதுவரை இதைப் பெரிதாக நினைத்தவர் அல்லர். “மச்சான், எஞ்சின்தான் கூடக் குடிக்குதுன்னு நெனச்சு ரெண்டு தடவை மெக்கானிக்க கூட்டியாந்தேனே” என்றார். அரசு வரிவிலக்குடன் தரும் டீசலுக்கு ஆண்டு அளவு உண்டு. பலகையில் சிந்துவதும் அந்த அளவிலிருந்துதான் கழிகிறது.

அனுப்பிய அளவு ஒன்று, சேர்ந்த அளவு வேறு. இந்தப் பாடத்தை நான் படையில் சேரும் முன்பே இந்தக் கரையில் பார்த்துவிட்டேன். 1987 ஜூன் 3ஆம் நாள், யாழ்ப்பாணத்து மக்களுக்கான நிவாரணப் பொருட்களை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் புறப்பட்டன. எனக்கு அப்போது 18 வயது. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் வழிமறித்ததால் அவை சரக்கோடு திரும்பி வந்தன. மறுநாள் இந்திய விமானப்படையின் ஏ.என்.32 விமானங்கள் ஏறத்தாழ 25 டன் பொருளை யாழ்ப்பாணத்தின் மேல் வானிலிருந்து போட்டன. அரசியலைப் பேச எனக்குத் தகுதியில்லை. சரக்கு ஏற்றிய கணக்கு நோட்டில் எழுதிய எண்ணுக்கும் பசித்தவன் கைக்கு வந்த எண்ணுக்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது என்பதைத் திரும்பி வந்த அந்தப் படகுகளைப் பார்த்த அன்று உணர்ந்தேன். ஓராண்டு கழித்து டிப்போவில் சேர்ந்தபோது, எங்கள் சுபேதார் சாகிப் எந்த லாரியைப் பற்றியும் கேட்ட முதல் கேள்வி எத்தனை ஏற்றினாய் என்பதன்று. எத்தனை இறக்கினார்கள் என்பதே.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் வாஷர். நெம்புகோல் போன்ற லிவரை அழுத்தினால் மூடி கேனின் வாயோடு இறுகுகிறது. அந்த இறுக்கத்தைத் தாங்குவது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான். நான் வாங்கிய நான்கில் ஒன்றின் வாஷர் ஆறு வாரத்தில் டீசலில் ஊறிப் பருத்து, மூடியை விட்டு வெளியே வழிந்துவிட்டது. சாதாரண ரப்பரைப் போட்டிருக்கிறார்கள். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் அன்று. கடைக்காரரிடம் கொண்டுபோனபோது மாற்றித் தர மறுத்தார், வாஷர் தனியாகவும் அவரிடம் இல்லை. 2,100 ரூபாய்ப் பொருளை 20 ரூபாய் வளையம் பயனற்றதாக்குகிறது என்றால், அதை விற்கிறவர் வளையத்தையும் வைத்திருக்க வேண்டும். உதிரி இல்லாத பொருள் டிப்போவில் பாதிப் பொருளாகவே கருதப்படும். கடைசியில் மதுரையில் ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடையில் அளவு சொல்லி, நைட்ரைல் வளையங்கள் பத்து வாங்கிவந்து நான்கு கேன்களுக்கும் மாற்றினேன். அதற்குப் பிறகு இன்றுவரை கசிவு இல்லை. வாங்க நினைப்பவர்கள், கேனை வாங்கும் அன்றே வாஷரைக் கழற்றி, ஒரு கிண்ணத்தில் டீசல் ஊற்றி மூன்று நாள் போட்டுப் பாருங்கள். பருத்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது குறை துரு. ஆலிவ் பச்சைப் பூச்சு பார்க்க இராணுவப் பொருள்போல இருக்கிறது, ஆனால் கீழே ப்ரைமர் அடித்ததாகத் தெரியவில்லை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் உப்புத் தூவானம் படத் தொடங்கிய நான்காவது மாதமே அடி விளிம்பிலும் பிடிகளின் கீழும் துரு எட்டிப்பார்த்தது. தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்து, மேலே படகுக்கு அடிக்கும் பெயின்டையே அடித்தோம். ஆண்டுக்கு ஒருமுறை, வல்லத்தைக் கரையேற்றிப் பராமரிக்கும்போதே கேனையும் பார்த்துவிட்டால் போதுமானது. உட்பக்கம் துரு பிடிக்கவில்லை. டீசல் எப்போதும் பட்டுக்கொண்டிருப்பதே காரணம். காலியான கேனை மூடியைத் திறந்தபடி கடற்கரையில் போட்டு வைத்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

தண்ணீருக்கென்று வைத்த நான்காவது கேன் எனக்கு ஏமாற்றமே. உட்பூச்சு மூன்றே மாதத்தில் உரிந்து, தண்ணீர் செம்மை நிறம் கொண்டது. ஜெர்மானியப் படையில் தண்ணீருக்குத் தனிக் கேன்கள் இருந்தன. எரிபொருள் கேனோடு மாறிவிடாமல் இருக்கப் பெரிய வெள்ளைச் சிலுவைக் குறியும் போட்டிருந்தார்கள். இங்கே கிடைப்பது எரிபொருளுக்கானது மட்டுமே. குடிதண்ணீருக்கு உணவுத் தரப் பிளாஸ்டிக் கேனே நல்லது. ஒருமுறை டீசல் பட்ட கேனை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் தண்ணீருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை மிகுந்த அழுத்தத்தோடு சொல்கிறேன். எங்கள் கேனின் மேல் ‘டீசல்’ என்று வெள்ளை எழுத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம், இருட்டிலும் கை தடவி அறியும்படி பிடியில் கயிறும் சுற்றியிருக்கிறோம்.

தனியாக 350 ரூபாய்க்கு விற்கும் ஊற்றுக்குழாயை வாங்காதீர்கள். அது வாயில் சரியாகப் பொருந்தவில்லை. கேனின் வாய்க்குள்ளேயே காற்றுப் போகும் சிறு குழாய் இருப்பதால், நேராகச் சாய்த்தாலே ‘குளுக் குளுக்’ என்று திணறாமல் ஒரே சீராக ஊற்றுகிறது. அகலமான புனல் ஒன்று போதும்.

மிதக்குமா என்று பலர் கேட்டார்கள். பிடிகளுக்குக் கீழே உள்ள புடைப்பில் காற்று தங்கும்படி அமைத்திருப்பதால் நிரம்பிய கேனும் மிதக்க வேண்டும். பாம்பன் துறையில், ஆழமில்லாத இடத்தில், கயிறு கட்டி, 20 லிட்டர் டீசலுடன் இறக்கிப் பார்த்தேன். பிடிகள் மட்டும் நீருக்கு மேலே தெரிய, அமிழ்ந்தும் அமிழாமலும் நின்றது. அமைதியான நீரில் தேடிப் பிடிக்கலாம், வாடைக் காற்று அலையில் கண்ணுக்குப் படாது. வாய் விளிம்பு வரை நிரப்பினால் இந்த மிதப்பும் போய்விடும். ஆகவே காற்றுக்கான இடத்தை விட்டு நிரப்புவதும், பிடியில் ஒரு வலை மிதவையைக் கட்டி வைப்பதும் நல்லது.

காலிக் கேனைத் திருப்பி அனுப்புவது பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் எங்கள் கரையில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது அதுவே. 1944இல் நார்மண்டியிலிருந்து பிரான்ஸுக்குள் பாய்ந்த அமெரிக்கப் படைகளுக்கு எரிபொருள் கொடுக்க, ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரித் தொடரை ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை ஓட்டினார்கள். உச்சத்தில் அதில் 5,958 வண்டிகள் ஓடின. ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். ஒரே நாளில் 12,000 டன்னுக்கு மேல் கொண்டு சேர்த்த அந்த வண்டிகளே நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் காலன் எரிபொருளையும் குடித்தன. ஆனாலும் படைகளைத் திணறவைத்தவற்றுள் ஒன்று காலிக் கேன். முன்னணியில் பெட்ரோலை ஊற்றிக்கொண்ட சிப்பாய்கள் கேனைச் சாலையோரம் எறிந்துவிட்டுப் போனார்கள். பல இலட்சம் கேன்கள் வயல்களிலும் பள்ளங்களிலும் கிடக்க, பின்னால் துறைமுகத்தில் பெட்ரோல் இருந்தும் ஊற்றிக் கொடுக்கக் கலன் போதவில்லை. கடைசியில் பிரெஞ்சுச் சிறுவர்களுக்குப் பரிசு தருவதாகச் சொல்லிக் கேன்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். போர் முடியும்போது ஐரோப்பாவெங்கும் நேச நாட்டுக் கேன்கள் இரண்டு கோடிக்கு மேல் சிதறிக்கிடந்தன. இந்தக் கேன்கள் இல்லாவிட்டால் பிரான்ஸை அத்தனை வேகத்தில் கடந்திருக்க இயலாது என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டே 1944இல் கூறினார்.

எங்கள் டிப்போவிலும் காலிக் கேனுக்குத் தனிப் பதிவேடு இருந்தது. காலி வராமல் நிரம்பியது போகாது. இப்போது மைத்துனரின் வல்லத்திலும் அதே வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். மூன்று கேன்களுக்கும் எண் அடித்து, கரைக்கு வந்ததும் வலையை இறக்கும் முன்பே காலிகளை இறக்கி எண்ணுகிறோம். பக்கத்துப் படகுக்கு அவசரத்துக்குக் கொடுத்தால் எழுதி வைக்கிறோம். இரண்டு ஆண்டுகளில் ஒரு கேன்கூடத் தொலையவில்லை. அதற்கு முன் ஆண்டுக்கு மூன்று நான்கு பிளாஸ்டிக் கேன்களாவது காணாமற் போகும்.

லடாக்கில் இருந்த காலத்தைப் பற்றியும் சில வரிகள். பனி மூடுவதற்கு முன்பு ஜோஜி லா கணவாய் வழியாகவும் மணாலி வழியாகவும் குளிர்காலம் முழுவதற்குமான சரக்கைக் கான்வாய் கான்வாயாக ஏற்றி முடிக்க வேண்டும். அட்வான்ஸ் விண்டர் ஸ்டாக்கிங் என்று அதற்குப் பெயர். கணவாய் மூடிய பிறகு ஒரு மூட்டை குறைந்தாலும் விமானமே கதி. 33 டிகிரி உறைநிலைக்குக் கீழும் ஓடும் குளிர்கால டீசல் 2019இல்தான் லடாக்கிற்கு வந்தது. எங்கள் காலத்தில் விடியற்காலையில் லாரி டாங்கியின் அடியில் நெருப்பு மூட்டி, உறைந்த டீசலை இளக்கி வண்டி எடுத்தவர்கள் உண்டு. வெறும் கையால் ஜெரிகேன் பிடியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து சியாச்சினின் உயர்ந்த சாவடிகளுக்கு மண்ணெண்ணெய் போவது சீட்டா ஹெலிகாப்டரில். காற்று மெலிந்த அந்த உயரத்தில் ஒரு நடைக்கு ஓரிரு கேன்களுக்கு மேல் அதனால் சுமக்க முடியாது. அங்கே மண்ணெண்ணெய்தான் சமையல், அதுவே குடிநீர், ஏனெனில் பனியை உருக்கினால்தான் தண்ணீர். மேலே இருப்பவன் அந்த ஒரு கேனுக்காகக் காத்திருக்கிறான் என்று தெரிந்தபின், மூடியின் லிவரைச் சரியாக அழுத்தாமல் யாரும் கேனை விடமாட்டோம்.

இது பழைய காலத்துப் பொருள், இனி எல்லாம் குழாயும் டாங்கர் லாரியும்தானே என்று கடையில் ஓர் இளைஞர் கேட்டார். உண்மை வேறாக இருக்கிறது. 2022 பிப்ரவரி இறுதியில் கீவ் நகரை நோக்கிச் சென்ற ரஷ்யப் படை வண்டிகள் 60 கிலோமீட்டருக்கு மேல் ஒரே சாலையில் நீண்டு நின்றன. எரிபொருளும் உணவும் முன்னே போய்ச் சேராதது அந்தத் தேக்கத்துக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. அந்த ஆண்டுக் கோடையில் தொலைவிலிருந்து துல்லியமாகத் தாக்கும் ராக்கெட்டுகள் உக்ரைனுக்குக் கிடைத்ததும், பெரிய கிடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ரஷ்யர் கிடங்குகளைப் பின்னுக்கு நகர்த்திச் சிறிதாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. இப்போதோ முன்னணியை ஒட்டிய கடைசிச் சில கிலோமீட்டர்களில் ட்ரோன்கள் லாரிகளைத் தேடித் தேடி அடிப்பதால், இரு தரப்பும் நடந்தும், சிறு வண்டிகளிலும், ஆளில்லாத் தரை வண்டிகளிலும், சரக்கு ட்ரோன்களிலும் பொருளைக் கொண்டு போகிறார்கள். சுமையின் அளவு மறுபடியும் ஒரு மனிதன் தூக்கும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. 1982இல் ஃபாக்லாந்து போரில் அட்லாண்டிக் கன்வேயர் என்ற ஒரே சரக்குக் கப்பல் மே 25 அன்று தாக்கப்பட்டு எரிந்தபோது, அதிலிருந்த மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் அழிந்தன. பிரிட்டிஷ் படையினர் பலர் சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு தீவைக் குறுக்கே நடந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றில் வைப்பதன் விலை அது.

இதை எங்கள் வல்லத்துக்கும் பொருத்திப் பார்க்கிறேன். முன்பு 60 லிட்டரையும் ஒரே பீப்பாயில் கொண்டு போவார்கள். ஒருமுறை அதில் உப்புத் தண்ணீர் புகுந்து, எஞ்சின் நின்று, பக்கத்துப் படகு இழுத்துவர வேண்டியதாயிற்று. இப்போது 20 லிட்டராக மூன்று கேன்கள். ஒன்று முன்னணியத்தில், இரண்டு பின்னால். ஒன்று கெட்டாலும் மற்றவை கரை சேர்க்கும். மூன்றாவது கேனைத் தொடும் நேரமே திரும்பும் நேரம் என்று மைத்துனர் வழக்கமாக்கிக்கொண்டார். இதை நான் சொல்லித் தரவில்லை, அவரே கண்டுகொண்டது.

யார் வாங்கலாம், யார் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவு தங்கி வலை போடும் நாட்டுப்படகுகளுக்கும், தோட்டத்தில் டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும், ஜெனரேட்டர் ஓட்டும் சிறு ஐஸ் கம்பெனிகளுக்கும் இது தகும். காலிக் கேனே நாலரைக் கிலோ, நிரம்பினால் 21 கிலோவுக்கு மேல். முதியவர் தனியாகத் தொழிலுக்குப் போகும் வத்தை என்ற சிறு படகுக்கு இது பாரம், பத்து லிட்டர் அளவு கிடைத்தால் அதை வாங்குங்கள். வீட்டுக்குள் பெட்ரோல் சேர்த்து வைக்க எந்தக் கேனையும் பயன்படுத்த வேண்டாம். கேனை வண்டியிலோ படகிலோ வைத்தபடி நிரப்பாமல், தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். எங்கள் டிப்போவில் இதை மீறியவருக்குத் தண்டனை உண்டு.

வாங்கும்போது மூடியைத் திறந்து மூடி, லிவர் ‘டக்’ என்று உட்காருகிறதா, பூட்டு ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். கேனைத் தண்ணீர் நிரப்பித் தலைகீழாக ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். நான் வாங்கிய கடையில் அதற்கு ஒப்புக்கொண்டார்கள், அதற்காக அவர்களுக்கு நன்றி. போன வாரம் மீண்டும் போய் மைத்துனரின் பங்காளிக்காக இன்னும் இரண்டு எடுத்தேன். விலை 2,300 ஆகியிருக்கிறது. நைட்ரைல் வாஷர் இன்னும் அங்கே வரவில்லை. மதுரையில் வாங்கியதில் மீதமிருந்த ஆறில் இரண்டை அவற்றுக்குப் போட்டு, 4, 5 என்று எண் அடித்து அனுப்பிவிட்டேன்.